பல் எடுத்த பிறகு ஈறும் தாடை மேடும் எப்படி மாறும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் எடுத்த புண் ஆறிவிட்டதா என்பதைத்தான் எல்லோரும் கவனிக்கிறார்கள். அது எந்த வடிவத்தில் ஆறியது என்பதை ஆறு மாதம் கழித்து, பல் கட்டப் போகும்போதுதான் கேட்கிறார்கள். அதற்குள் மாற வேண்டியதில் பெரும்பகுதி மாறி முடிந்திருக்கும். அதனால் இந்தப் பக்கத்தை, முடிந்தால், பல் எடுப்பதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

தாடை மேடு என்றால் எது?

பற்கள் வரிசையாக நட்டிருக்கும் எலும்பு வரப்பு. பல் மருத்துவர்கள் 'ரிட்ஜ்' என்பார்கள். மேலே ஈறு மூடியிருக்கும்; உள்ளே ஒவ்வொரு பல் வேருக்கும் ஒரு குழி இருக்கும். அந்தக் குழிதான் 'சாக்கெட்'. குழிக்கு இரண்டு பக்கச் சுவர்கள் உண்டு: உதடு அல்லது கன்னத்தைப் பார்த்த வெளிச்சுவர், நாக்கு அல்லது அண்ணத்தைப் பார்த்த உட்சுவர். இனி வரும் பதில்கள் பலவும் அந்த வெளிச்சுவரைச் சுற்றியே வரும்.

பல்லைத்தானே எடுத்தார்கள், எலும்பு ஏன் கரைகிறது?

அந்த எலும்பு பல்லுக்காகவே உருவானது. பல் முளைக்கும்போது கூடவே வளர்ந்தது. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் வேர்ச்சவ்வு என்ற மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. அதன் நார்கள் வந்து பதியும் உள் அடுக்கை 'பண்டில் போன்' என்கிறோம். இந்த அடுக்கு வேர்ச்சவ்வை நம்பியே உயிர்வாழ்கிறது. பல்லோடு சேர்ந்து வேர்ச்சவ்வு போனதும் ரத்த ஓட்டத்தின் ஒரு வழி அடைபடுகிறது, மெல்லும் விசையும் நின்றுபோகிறது. பண்டில் போன் சில வாரங்களில் கரைந்துவிடும்.

உட்சுவர் தடிமனானது. பண்டில் போன் போனாலும் அதற்குப் பின்னால் வேறு எலும்பு மிச்சம் இருக்கும். முன்பற்களின் வெளிச்சுவர் பெரும்பாலானவர்களுக்கு 1 மி.மீ.கூட இருக்காது; அதன் மேல்விளிம்பு முழுக்கவே பண்டில் போன்தான். அது கரையும்போது சுவரே போய்விடுகிறது. மேடு பெரும்பாலும் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கிச் சரிவதற்குக் காரணம் இதுதான்.

எவ்வளவு குறையும்? எத்தனை நாளில்?

உயரத்தைவிட அகலம்தான் அதிகம் குறையும். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், முதல் 6 மாதங்களில் அகலத்தில் 29 முதல் 63 சதவீதம் வரையும், உயரத்தில் 11 முதல் 22 சதவீதம் வரையும் குறைகிறது. கடைவாய்ப் பற்களையும் முன்கடைவாய்ப் பற்களையும் வைத்துச் செய்த, 2003இல் வெளியான அளவீடு ஒன்றில், சராசரியாக 12 மி.மீ. இருந்த மேடு ஓராண்டில் 6 மி.மீ.க்குச் சற்றுக் கீழே வந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதங்களிலேயே போய்விட்டது.

முதல் 3 மாதம் வேகம், 6 மாதம் வரை நிதானம், ஓராண்டுக்குப் பிறகு மெதுவாக, ஆனால் நிற்காமல். கால்குலேட்டர் போட்டுத் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள், பல்லுக்குப் பல் வேறுபடும்.

குழிக்குள் ஒவ்வொரு நாளும் என்ன நடக்கிறது? வெள்ளையாக ஏதோ தெரிகிறதே, சீழா?

முதல் நாள்: குழி முழுக்கக் கருஞ்சிவப்பான ரத்தக்கட்டி. பார்க்க ஜெல்லி மாதிரி இருக்கும். ஆறுவதற்கு இதுதான் அடித்தளம்.

2ஆம், 3ஆம் நாள் கட்டியின் மேல் வெண்மஞ்சளாக ஒரு படலம் படரும். அதைப் பார்த்துத்தான் பலர் பயந்து, பஞ்சால் துடைத்து எடுத்துவிடுகிறார்கள். அது ஃபைப்ரின் என்ற புரதப்படலம். சிராய்ப்பு ஆறும்போது தோலில் பொருக்கு கட்டுமே, ஈரமான வாயில் அதற்குப் பதிலாக வருவது. தொடாதீர்கள். சீழ் என்றால் அமுக்கும்போது வழியும், கூடவே வலி ஏறும், வீக்கமும் காய்ச்சலும் இருக்கலாம்.

முதல் வாரத்துக்குள் கட்டி இருந்த இடத்தில் சிவந்த புதுத்தசை நிரம்பத் தொடங்கும். 2ஆம் வாரத்திலிருந்து குழியின் அடியிலும் ஓரங்களிலும் இளம் எலும்பு முளைக்கும். 4 முதல் 6 வாரத்தில் ஈறு மேலே மூடிக்கொள்ளும். வேர் பெரிதாக இருந்த கடைவாய்ப் பல்லின் குழி கொஞ்சம் தாமதமாகவே மூடும். கண்ணாடியில் பார்த்து 'ஆறிவிட்டது' என்று நினைப்பது இந்தக் கட்டத்தில்தான். உள்ளே இருப்பது இன்னும் பஞ்சு மாதிரியான இளம் எலும்பு. எக்ஸ்ரேயில் குழியின் தடம் 3, 4 மாதம் வரை தெளிவாகத் தெரியும். எலும்பு முதிர்ந்து உறுதிப்பட 6 மாதமோ அதற்கு மேலோ ஆகும்.

குழிக்குள் எலும்பு நிரம்புவதும் குழியின் சுவர் கரைவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒரு பாத்திரத்தில் நீர் ஊற்ற ஊற்ற அதன் விளிம்பும் தாழ்ந்துகொண்டே போனால் எவ்வளவு நிற்கும்? எப்போதும் பழைய விளிம்புக்குக் கீழேதான்.

முதல் வாரம் நான் செய்ய வேண்டியது என்ன?

மேட்டின் வடிவத்தை வீட்டிலிருந்து மாற்ற முடியாது. ரத்தக்கட்டியைக் காப்பாற்ற முடியும். அதுவே பெரிய விஷயம்.

வைத்த துணிப்பஞ்சை 30 முதல் 45 நிமிடம் அழுத்திக் கடித்திருங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் கட்டி பிய்ந்து வரும். முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்காதீர்கள், காறித் துப்பாதீர்கள், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாதீர்கள். எச்சிலில் லேசான இளஞ்சிவப்பு அன்று முழுக்க இருக்கலாம், அது இயல்பு. மறுநாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் வாயில் மெதுவாகச் சுழலவிட்டு, தலையைக் குனிந்து தானாக வழியவிடுங்கள். மற்றப் பற்களை வழக்கம்போல் துலக்குங்கள். அழுக்கான பக்கத்துப் பல் புண்ணைத் தாமதப்படுத்தும்.

சிகரெட் குறைந்தது 3 நாள், முடிந்தால் இரண்டு வாரம் வேண்டாம். உறிஞ்சும் விசை கட்டியை இழுக்கும். நிக்கோட்டின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். புகைப்பவர்களுக்கு மேடும் கூடுதலாகக் கரைகிறது.

மூன்றாம் நாள் வலி குறையாமல் கூடுகிறது. ஏன்?

பெரும்பாலும் டிரை சாக்கெட். ரத்தக்கட்டி கரைந்தோ பிய்ந்தோ போய், குழியின் எலும்பு வெறுமையாகத் திறந்து கிடப்பது. எடுத்து 2 முதல் 4 நாளில் வரும். வலி காதுப்பக்கம் ஏறும், வாயில் கெட்ட நாற்றமும் சுவையும் இருக்கும், குழிக்குள் பார்த்தால் சாம்பல் கலந்த வெண்மையாக எலும்பு தெரியும். கீழ் ஞானப்பல் எடுத்தவர்கள், புகைப்பவர்கள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், எடுக்கச் சிரமப்பட்ட பல் ஆகியவற்றில் அதிகம்.

மருத்துவர் குழியை உப்புநீரால் கழுவி, வலியை அடக்கும் மருந்துத்திரி வைப்பார். சில மணி நேரத்திலேயே நிம்மதி தெரியும். குழியைச் சுரண்டி மறுபடி ரத்தம் வரவைப்பது பழைய பழக்கம். அது வலியையும் புண்ணையும்தான் கூட்டும். இது கிருமித்தொற்று அல்ல என்பதால், காய்ச்சலோ வீக்கமோ இல்லாதபோது ஆன்டிபயாடிக் தேவைப்படாது.

ஆறிய இடத்தில் நாக்கு பட்டால் முள் மாதிரி குத்துகிறது. வேர் உடைந்து உள்ளே நிற்கிறதா?

அநேகமாக எலும்புச் சில்லு. மெல்லிய சுவரின் விளிம்பு ஒன்று உயிரோட்டம் இழந்து பிரிந்து, ஈற்றைத் துளைத்து வெளியே வரும். ஒன்றிரண்டு வாரத்திலிருந்து சில மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். சிறியது தானாக விழும். அசைகிற சில்லை மருத்துவர் மரத்துப்போகும் மருந்து தடவி நொடியில் எடுத்துவிடுவார். அசையாமல், ஈற்றுக்கு அடியில் கத்தி முனை மாதிரி நீளமாகத் தென்பட்டால் அது குழியின் விளிம்பு. சில வாரம் பொறுத்தால் பெரும்பாலும் தானே மழுங்கும். மழுங்காவிட்டால் சமப்படுத்த வேண்டியிருக்கும். வேர்த்துண்டா என்ற சந்தேகத்தை ஒரு சிறு எக்ஸ்ரே தீர்த்துவிடும்.

ஒருவருக்கு மட்டும் ஏன் அதிகமாகக் குழிகிறது?

வெளிச்சுவரின் தடிமன்தான் முதல் காரணம். கண்ணாடி முன் நின்று உதட்டைத் தூக்கிப் பாருங்கள்: வேர்களின் வடிவம் ஈற்றுக்கு மேல் விரல் முட்டிகள் மாதிரி புடைத்துத் தெரிந்தால், ஈறு மெல்லியதாக, பல் முக்கோணமாக இருந்தால், உங்கள் சுவர் மெல்லியது. முன்பல் எடுக்கும்போது கூடுதல் கவனம் வேண்டிய வாய் இது.

அடுத்தது, பல்லை எடுப்பதற்கு முன்பே எவ்வளவு எலும்பு போயிருந்தது என்பது. ஈறு நோயால் ஆடிய பல், வேர் நெடுக்கில் விரிசல் விட்ட பல், நெடுநாள் சீழ் வைத்த பல் ஆகியவற்றில் வெளிச்சுவர் ஏற்கெனவே பாதி இல்லாமல் இருக்கும். அடுத்தடுத்து நிற்கும் பற்களை ஒரே நேரத்தில் எடுத்தால் நடுவில் தாங்கும் எலும்பும் தாழ்கிறது. ஒற்றைப் பல் என்றால் இரு பக்கத்துப் பற்கள் உயரத்தைத் தாங்கிப் பிடிக்கும்.

எடுக்கும் விதமும் முக்கியம். வெளிப்பக்கம் நெம்பினால் சுவர் முறிந்து பல்லோடு வரும். பல வேர்ப் பல்லை வேர் வேராகப் பிரித்து எடுப்பது, ஈற்றைத் தேவையில்லாமல் விரித்துக் கிழிக்காமல் இருப்பது, 'பெரியோடோம்' என்ற மெல்லிய அலகால் வேர்ச்சவ்வை மெதுவாக அறுத்துத் தளர்த்துவது ஆகியவற்றுக்கு நேரம் பிடிக்கும். அந்த அரை மணி நேரத்தை உங்கள் மருத்துவர் எடுத்துக்கொண்டால் நன்றியோடு உட்காருங்கள்.

ஈறு மட்டும் எப்படி மாறும்?

எலும்பைப் போர்த்திய ஈறு, எலும்பு போகும் பக்கமே போகும். மெல்லிய சுவர் கரைந்த இடத்தில் ஈறு தடித்து, பள்ளத்தை ஓரளவு மறைப்பதும் உண்டு. அதனால்தான் வெளியே பார்க்க நன்றாக இருந்த இடம் ஸ்கேனில் ஒல்லியாகத் தெரிகிறது. பற்களுக்கு நடுவே முக்கோணமாக ஏறியிருக்கும் ஈற்றுமுனை, பல் போனதும் தட்டையாகும். முன்பற்களில் இதுவே கரும் இடைவெளியாகத் தெரியும். காலப்போக்கில் எலும்போடு ஒட்டிய உறுதியான ஈற்றின் பட்டை குறுகி, கன்னத்தின் அசையும் தோல் மேட்டின் உச்சிவரை நெருங்கிவிடும். அசையும் தோல்மேல் உட்காரும் பல் செட் வாய் திறக்கும்போதெல்லாம் தூக்கும்.

குழியில் எலும்புத்தூள் வைக்கச் சொல்கிறார்கள். தேவையா?

'சாக்கெட் ப்ரிசர்வேஷன்' என்று சொல்வது இதைத்தான். குழியைச் சுத்தம் செய்து, மாட்டு எலும்பிலிருந்தோ, கொடையாளர் எலும்பிலிருந்தோ, செயற்கையாகவோ செய்த துகள்களை நிரப்பி, கொலாஜன் என்ற புரதத்தால் ஆன படலத்தால் மூடித் தைப்பார்கள். கரைவதை அது நிறுத்தாது. குறைக்கும்: சராசரியாக அகலத்தில் ஏறத்தாழ ஒன்றரை முதல் 2 மி.மீ., உயரத்தில் ஏறத்தாழ 1 மி.மீ. மிச்சமாகும்.

அந்த 2 மி.மீ. எங்கே உதவும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். 4 மி.மீ. விட்டமுள்ள இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைக்க, உட்பக்கம் 1 மி.மீ.க்குக் குறையாமலும், வெளிப்பக்கம் 2 மி.மீ. அளவுக்கும் எலும்பு சூழ்ந்திருக்க வேண்டும். கூட்டினால் 7 மி.மீ. மேடு 5 மி.மீ.க்கு வந்துவிட்டால் பின்னால் தனியாக எலும்பு கூட்டும் அறுவை தேவை; 7 இருந்தால் நேரே வைத்துவிடலாம். ஆகவே முன்பல், மெல்லிய சுவர், சைனஸுக்கு (மேல்தாடைக்குள் இருக்கும் காற்றறை) கீழ் உள்ள மேல் கடைவாய்ப் பல், சில மாதம் கழித்துத்தான் இம்பிளான்ட் வைக்க முடியும் என்ற நிலை ஆகியவற்றில் இது பயன் தரும். ஞானப்பல் குழிக்குத் தேவையில்லை. பின்னால் கழற்றி மாட்டும் பல் செட்தான் போடப் போகிறீர்கள், சுவர்களும் தடிமன் என்றால், நாங்கள் வற்புறுத்த மாட்டோம்.

துகள் வைத்த குழி முதிர 4 முதல் 6 மாதம் காத்திருக்க வேண்டும். முதல் நாட்களில் வாயில் மணல்போல் சில துகள்கள் வருவது சகஜம். கொத்தாக வந்தால் மூடிய படலம் நகர்ந்திருக்கிறது, உடனே காட்டுங்கள். சீழ் வடியும் குழியில் அன்றே வைக்கக் கூடாது.

பல் எடுத்த அன்றே இம்பிளான்ட் வைத்தால் எலும்பு கரையாதுதானே?

கரையும். இம்பிளான்ட்டுக்கு வேர்ச்சவ்வு கிடையாது. பண்டில் போனை அது காப்பாற்றாது. ஒரு காலத்தில் காப்பாற்றும் என்று நம்பினார்கள், 2005 வாக்கில் வந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கையைக் கலைத்தன. இன்று அன்றே வைப்பவர்கள் இம்பிளான்ட்டை உட்சுவர்ப் பக்கம் தள்ளி வைத்து, வெளிச்சுவருக்கும் அதற்கும் நடுவில் 2 மி.மீ. இடைவெளி விட்டு, அதைத் துகளால் நிரப்புகிறார்கள். வெளிச்சுவர் முழுதாக இருந்து, ஈறு தடிமனாக, சீழ் இல்லாமல் இருந்தால் நல்ல முடிவு கிடைக்கும்.

மற்றவர்களுக்கு 4 முதல் 8 வாரத்தில் வைப்பது பல நேரம் சிறந்தது: ஈறு மூடியிருக்கும், எலும்பு இன்னும் அதிகம் சுருங்கியிருக்காது. 12 முதல் 16 வாரத்தில் வைத்தால் குழியில் எலும்பு ஓரளவு நிரம்பியிருக்கும். 6 மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டால் எலும்பு முதிர்ந்திருக்கும், அளவு குறைந்திருக்கும்.

பிரிட்ஜ் கட்டுவதற்கு எவ்வளவு காத்திருக்கணும்?

பிரிட்ஜ் என்பது இரு பக்கத்துப் பற்களைத் தாங்கலாக வைத்து, நடுவில் இல்லாத பல்லைப் பாலம்போல் கட்டுவது. நிரந்தர பிரிட்ஜுக்குக் குறைந்தது 2, 3 மாதம். முன்பல் என்றால் 6 மாதம் வரை. 3 வாரத்திலேயே நிரந்தரமாகக் கட்டிவிட்டால், அன்று ஈற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் நடுப்பல்லுக்கு அடியில் பிறகு சந்து விழும். சோறும் காய்நாரும் அங்கே சிக்கும், பேசும்போது காற்றும் எச்சிலும் தெறிக்கும், சிரித்தால் கருங்கோடு தெரியும்.

காத்திருக்கும் காலத்துக்குத் தற்காலிகப் பல் உண்டு. முன்பற்களில் அதன் அடிப்பகுதியை முட்டை வடிவில் செய்து, எடுத்த குழிக்குள் 2 முதல் 3 மி.மீ. இறங்கும்படி வைத்தால் ஈறு அதைச் சுற்றி அழகாக ஆறும், முக்கோண முனைகளும் ஓரளவு நிற்கும். ஆறிய பின் அந்த ஆழத்தை 1 மி.மீ. அளவுக்குக் குறைத்து, அடியில் நூல் விட்டுச் சுத்தம் செய்யப் பழக வேண்டும்.

எல்லாப் பல்லையும் எடுத்த அன்றே செட் போட்டேன். இரண்டு மாதத்தில் லொடலொடவென்று ஆகிவிட்டதே?

செட் அப்படியேதான் இருக்கிறது, அடியில் மேடு சுருங்கியிருக்கிறது. உடனடி செட் போடுகிற எல்லோருக்கும் இது நடக்கும். முன்பே சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

முதல் 24 மணி நேரம் அதைக் கழற்றக் கூடாது. கழற்றினால் வீக்கத்தில் திரும்ப ஏறாது. மறுநாள் மருத்துவரிடமே கழற்றி, உரசும் இடங்களைச் சரிசெய்ய வேண்டும். அடுத்த மாதங்களில் உள்பக்கம் மென்மையான பூச்சு போட்டு இடைவெளியை நிரப்புவார்கள். அது சில வாரங்களில் கெட்டியாகும், மாற்ற வேண்டியிருக்கும். 6 மாதம் வாக்கில் நிரந்தர ரீலைன் (செட்டின் உள்பக்கத்தை மேட்டின் புது வடிவத்துக்கு ஏற்ப நிரப்புவது) அல்லது புது செட். லூஸான செட்டைக் கடையில் கிடைக்கும் பசையை அடுக்கடுக்காகப் பூசி ஓட்டுவது தவறு: சமமில்லாத அழுத்தம் மேட்டை இன்னும் வேகமாகத் தேய்க்கும், செட்டின் விளிம்பு உரசும் இடத்தில் மடிப்பு மடிப்பாகச் சதை வளரும்.

பல வருடமாக செட் போடுகிறேன். கீழ் செட் மட்டும் ஏன் நிற்பதே இல்லை?

மேல் செட்டுக்கு அண்ணம் முழுக்கத் தாங்குதளமாக இருக்கிறது. கீழ் செட்டுக்கு லாட வடிவில் ஒரு குறுகிய பட்டைதான். அதே கடி விசை சிறிய பரப்பில் விழுகிறது. 25 ஆண்டுகள் பின்தொடர்ந்து 1972இல் வெளியான ஆய்வில், கீழ்மேடு மேல்மேட்டைவிட ஏறத்தாழ 4 மடங்கு கரைந்திருந்தது. மேல்மேடு மேலும் உள்ளுமாகச் சுருங்கும்; கீழ்மேடு தாழ்ந்து வெளிப்பக்கம் விரிந்ததுபோல் ஆகும். அதனால்தான் முகம் சுருங்கி, மோவாய் முன்னே தள்ளியதுபோல் தெரிகிறது.

மிகவும் தாழ்ந்த பிறகு, முன்கடைவாய்ப் பல் இருந்த இடத்தில் கீழுதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு வெளிவரும் துளை மேட்டின் உச்சிக்கே வந்துவிடும். கடிக்கும்போது மின்சாரம் பாய்ந்ததுபோல் உதட்டில் சுரீர் என்றால் அதுதான். அந்த இடத்தில் செட்டின் அடியைக் குடைந்து அழுத்தத்தை எடுக்க வேண்டும். கீழே சொந்த முன்பற்கள் இருந்து மேலே முழு செட் போட்டவர்களுக்கு, மேல்மேட்டின் முன்பகுதி கரைந்து ஆடும் சதையாகிவிடும்.

இரவில் 6 முதல் 8 மணி நேரம் கழற்றி நீரில் போட்டு வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பொருத்தத்தைப் பரிசோதியுங்கள். கீழ்த்தாடையின் முன்பக்கம் இரண்டு இம்பிளான்ட் வைத்து, அதில் 'கிளிக்' என்று மாட்டும் செட், இத்தனை ஆண்டு அல்லலையும் மாற்றிவிடும். இன்னும் பற்களை எடுக்காதவர் என்றால், கீழ்க் கோரைப்பற்கள் இரண்டின் வேரை மட்டும் சிகிச்சை செய்து வைத்து அதன்மேல் செட் போட முடியுமா என்று கேளுங்கள். வேர் நிற்கும்வரை அதைச் சுற்றிய எலும்பும் நிற்கும்.

ஒரே ஒரு கடைவாய்ப்பல்தான். அப்படியே விட்டால்?

பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்ப்பல் இறங்கும் அல்லது ஏறும். மேல் கடைவாய் என்றால் சைனஸ் அறையின் தரையும் காலப்போக்கில் தாழ்ந்து, மேலிருந்தும் எலும்பைக் குறைக்கும். கடைசிப் பல் என்றால் விட்டுவிடலாம். நடுவில் என்றால் முதல் ஆறு மாதத்துக்குள் முடிவெடுங்கள்.

எப்போது உடனே போக வேண்டும்?

புதுத்துணியை 30 நிமிடம் கடித்தும் ரத்தம் நிற்கவில்லை. 3 நாளுக்குப் பிறகு வீக்கம் ஏறுகிறது, விழுங்கவோ வாய் திறக்கவோ முடியவில்லை. மூச்சு சிரமமென்றால் நேரே மருத்துவமனை. மேல் கடைவாய்ப்பல் எடுத்த பிறகு குடித்த தண்ணீர் மூக்கில் வருகிறது: சைனஸ் திறந்திருக்கிறது, மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். கீழுதட்டு மரப்பு மறுநாளும் போகவில்லை. மூன்று, நான்கு வாரமாகியும் குழி மூடாமல் சதை பூத்ததுபோல் வளர்கிறது என்றால் எக்ஸ்ரேயும், தேவைப்பட்டால் சதைப் பரிசோதனையும் தள்ளிப்போடவே கூடாது.

எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எடுக்கிறேன். இதைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம், பல்லில் கை வைப்பதற்கு முன்பே. வாரம் ஒருமுறை மாத்திரையாக வரும் அலெண்ட்ரோனேட், ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி ஆகியவை எலும்பு கரைந்து புதுப்பிக்கும் சுழற்சியையே மட்டுப்படுத்துகின்றன. பல் எடுத்த குழி ஆறுவதற்கு அந்தச் சுழற்சி வேண்டும். அரிதாகச் சிலருக்கு ஈறு மூடாமல் எலும்பு 8 வாரத்துக்கு மேல் திறந்தே கிடக்கும். புற்றுநோய்க்காக அதிக அளவில் ஊசி போடுபவர்களுக்கு ஆபத்து கூடுதல். பயந்து நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். டெனோசுமாப் ஊசியைத் தள்ளிப்போட்டால் முதுகெலும்பு முறிவே வரலாம். கடைசி ஊசி போட்ட தேதியை எழுதி எடுத்துப் போங்கள். எந்த வாரத்தில் பல் எடுப்பது என்பதை இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவு செய்வார்கள்.